வைஃபை ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப், பசுமலைப் பக்கம் பல வீடுகளில் இன்னும் பீரோ மேல் கிடக்கும். அண்ணன் படித்து முடித்ததைத் தம்பி தூசி தட்டி எடுத்து, "இதில் கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா?" என்கிறான். முடியலாம். ஆனால் கார்டு விலையை விசாரிக்கும் முன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்குத் தரவு போய்வருவது பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களில். டெஸ்க்டாப்பில் அதற்கு 16 தடங்கள். 2015-க்குப் பின் வந்த, தண்டர்போல்ட் 3 உள்ள லேப்டாப் என்றால் ஒரே கேபிளில் நான்கு தடம் வரை கிடைக்கும். பழைய லேப்டாப்பில் அந்த போர்ட் இருக்காது. சாதாரண யுஎஸ்பி இதற்கு உதவாது. பெரும்பாலும் மிஞ்சுவது, வைஃபை கார்டு உட்கார்ந்திருக்கும் மினி பிசிஐஇ ஸ்லாட். சின்னஞ்சிறு கனெக்டர் கொண்ட ஆன்டெனா ஒயர்களைப் பிடுங்கி ஓரமாக ஒட்டிவிட்டு, வைஃபை கார்டு இருந்த இடத்தில் அடாப்டர் கேபிளைச் செருகுவார்கள். மறுமுனையில், மேசை மேல் கிராபிக்ஸ் கார்டு. அதற்கு மின்சாரம் தர, தனி எஸ்எம்பிஎஸ். வைஃபைக்கு இனி யுஎஸ்பி டாங்கிள்தான்.

சிக்கல், அந்த ஸ்லாட்டில் ஒரே தடம். இரண்டாம் தலைமுறை என்றால் நொடிக்கு 500 எம்பி. டெஸ்க்டாப்பில் மூன்றாம் தலைமுறையின் 16 தடங்கள் ஏறக்குறைய 16 ஜிபி தரும். கேம் ஆடினால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். பழைய பிராசஸரும் தன் பங்குக்கு இழுக்கும். பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங் செய்தால் அவ்வளவு தெரியாது. காட்சி ஒருமுறை கார்டின் மெமரிக்குள் ஏறிவிட்டால் கணக்கெல்லாம் அங்கேயே நடந்துவிடும். படத்தைத் தனி மானிட்டரில் பார்ப்பது நல்லது. லேப்டாப் திரைக்கே கொண்டுவந்தால், அதே ஒற்றைத் தடத்தில்தான் அதுவும் திரும்பி வந்தாக வேண்டும்.

சில பயாஸ்கள் தாங்கள் அங்கீகரித்த வைஃபை கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காமல் பூட் ஆகும்போதே நிறுத்திவிடும். அதைத் தாண்டினாலும் விண்டோஸ் 'கோட் 12' காட்டலாம். கார்டுக்கு ஒதுக்க முகவரி இடம் போதவில்லை என்று பொருள்.

கார்டு, அடாப்டர், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் வாங்கி முடிக்கும்போது மேசையில் முக்கால்வாசி டெஸ்க்டாப் வந்திருக்கும். என்னைக் கேட்டால், ஆபீஸில் கழித்த செகண்ட் ஹேண்ட் ஐ5 டெஸ்க்டாப் ஒன்றை வாங்குவதே லாபம். கார்டு ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

அவர்களுக்கு ஒன்று: கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், எஸ்எம்பிஎஸ் ஓடாது. கார்டு பாதியில் காணாமல் போனதும் விண்டோஸ் ஹேங் ஆகிவிடும். யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் அதை எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுங்கள்.