வளைந்த விரல்கள், ஒரு லட்சம் ஆபரேஷன்! - மதுரை டாக்டர் வெங்கடசாமியைத் தெரியுமா?

என் அப்பத்தாவுக்குக் கண்ணுல புரை விழுந்து ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. ஏன்னு கேட்டா, "யாரு லீவு போட்டு என்னையக் கூட்டிட்டுப் போவா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அப்பத்தா இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு, காசைத் தாண்டியும் பதில் தேடியவர் டாக்டர் கோ.வெங்கடசாமி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர்.

1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 1944-ல் சென்னை ஸ்டான்லியில் படிப்பை முடித்து ராணுவ டாக்டரானார். முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன. பேனா பிடிப்பதே போராட்டம். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் தேர்ந்தெடுத்தது, மயிரிழை தவறினாலும் பார்வை போய்விடும் கண் ஆபரேஷனை! கத்தியைப் பிடிக்கத் தானே பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார்.

1976-ல், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற 58 வயதில், ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆரம்பமானது. கூட நின்றவர்கள் தம்பி, தங்கைகள், அவர்களின் குடும்பத்தினர்.

கிராமங்களில் முகாம் போட்டபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆபரேஷன் இலவசம் என்றாலும் பலர் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் அன்றைய கூலி... இதெல்லாம் யார் தருவது? அதனால் அழைத்துவருவது, தங்கவைப்பது, சாப்பாடு போடுவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது வரை சிகிச்சையில் சேர்ந்தது. பணம் கட்டும் பிரிவா, இலவசமா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கட்டுபவர்களின் பணத்தில் மற்றவர்களுக்கும் சிகிச்சை நடக்கும்.

இத்தனை பேருக்கு எப்படி முடிகிறது? இங்கேதான் மெக்டொனால்ட்ஸ் வருகிறது. நம்புங்க! எந்த ஊர்க் கடையிலும் ஒரே தரம் எப்படி வருகிறது என்று வியந்த டாக்டர், அதே ஒழுங்கை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவர நினைத்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேபிள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிவதற்குள் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய போட்டோக்களில் தாத்தாக்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு இருப்பாங்களே... புரையை எடுத்தபின் கண்ணுக்குள் லென்ஸ் வைக்காததால் வந்தது அது. வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே மலிவாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இலவச நோயாளிக்கும் லென்ஸ் கிடைத்தது.

2006-ல் டாக்டர் மறைந்தார். என் அப்பத்தாவை ஒருவழியாக முகாம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை... "என்னடா, இப்படிக் கறுத்துட்ட?"