பில் வராத எக்செல் ஷீட்

கணக்குக்காக ஒரு தொழில் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு ஓட்டல் அரங்கம், 200 பேர், 10 ஸ்பான்சர்கள். அரங்க வாடகைக்குப் பில் வரும், சாப்பாட்டுக்கு வரும், பேட்ஜுக்கும் வரும். பதிவு மேசையில் சேர்ந்த பெயர், போன் நம்பர் ஷீட்டுக்கு மட்டும் வராது. அதனாலேயே அது சும்மா கிடைத்ததாக நினைத்துவிடுகிறோம்.

அதன் செலவு அன்று மாலையே தொடங்கிவிடும். யாரோ ஒருவர் ஆர்வத்தில் 200 பேரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கிறார். 1,024 பேர் கொள்ளும் இடத்தில் 200 எம்மாத்திரம்? ஆனால் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற 199 பேர் கையில். 200 × 199 = 39,800. நாள் முழுக்கச் சுற்றி 30 கார்டு கொடுத்தவர், அந்த 30 பேரையும் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மீதி 169 பேரை அவர் சார்பில் வேறொருவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அடுத்தது ஸ்பான்சர்கள். ஆளுக்கு மாதம் 4 செய்தி என்றால் ஒருவருக்கு 40, மொத்தம் 8,000. பார்த்துத் தள்ளிவிட 10 நொடி வைத்தாலும் 80,000 நொடி. 22 மணி நேரத்துக்கு மேல், அதுவும் மாதாமாதம்.

மெயில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்கிறது ஜிமெயில். 200 மெயிலில் ஒரே ஒருவர் ஸ்பேம் என்று தட்டினால் அது 0.5 சதவீதம். அவர் கோபக்காரராக இருக்க வேண்டியதில்லை. விலகும் பட்டனைத் தேடப் பொறுமை இல்லாதவராக இருந்தால் போதும். புகார் சேரச் சேர, அதே டொமைனிலிருந்து போகும் கொட்டேஷனும் ஸ்பேமில் விழத் தொடங்கும். பற்றில் இதுதான் கனமான வரி என்பேன்.

சட்டத்துக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை, தகவல் கசிந்ததைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரை அபராதம். இவை உச்சவரம்புகள், ஓட்டல் அரங்கச் சந்திப்புக்கு இவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. சட்டத்திலேயே உள்ள மருந்துக்கடை உதாரணம் அதைவிட உபயோகமானது: ரசீது அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தால், கடைக்காரர் அதை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். விசிட்டிங் கார்டையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இனி வரவு. பதிவுப் படிவத்தில் 'ஸ்பான்சர்கள் தொடர்புகொள்ளலாம்' என்று ஒரு கட்டம் வைக்கிறோம். 60 பேர் டிக் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஸ்பான்சருக்கு ஒரு செய்தி என்றால் 600. எட்டாயிரம் எங்கே, இது எங்கே? குரூப்புக்குப் பதிலாக வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்றால் 256 பேர் வரை போகும். ஆனால் நம் நம்பரைச் சேமித்தவருக்கே போய்ச் சேரும். கார்டின் பின்புறம் என்ன பேசினோம் என்று குறித்து, 12 பேருக்குத் தனித்தனியே எழுத ஆளுக்கு 3 நிமிடம், 36 நிமிடத்தில் முடியும்.

வேலை முடிந்தபின் ஷீட்டை அழிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் 10 ஸ்பான்சர், பதிவு மேசையில் 4 பேர், பேட்ஜ் அச்சடித்தவர் ஒருவர் என்று பிரதிகள் 15. அதற்கு 15 போன் போட வேண்டும். அச்சகத்துக்குப் போடும்போது போன வருஷத்து ஷீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.