மழுக்கமும் மந்தமும்

அறிவின் கூரின்மையைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹெபிட்யூட்' என்றொரு சொல் உண்டு. பேச்சில் அரிது, நூல்வழக்கிலேயே பயில்வது. கூர் மழுங்கியது எனப் பொருள்படும் 'ஹெபெஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. இதனைத் தமிழில் 'மந்தம்' எனப் பெயர்த்தல் எளிது. பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இலத்தீன் சொல் காட்டுவது கருவியின் முனை. அதற்கு நேராவது நம் 'மழுக்கம்'. நாகூரைச் சூழ்ந்த நெல்வயல்களில் கருக்கரிவாளின் பல் தேய்ந்தால் மழுங்கிவிட்டது என்பர். அறிவு மழுங்கிற்று என்பது அவ்வழக்கின் நீட்சியே. இன்றைய இளைஞர் சுவையற்ற பேச்சை 'மொக்கை' என்கின்றனர். அதுவும் முனை மழுங்கியதைக் குறித்த பழஞ்சொல்லே. இழிவழக்கென ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். வள்ளுவரும் அறிவின் கூர்மைக்கு அரத்தையே உவமை கூறினார். ஆங்கிலத்தின் 'டல்' என்பதோ எதிர்வழிச் சென்றது: முதலில் அறிவின்மையைக் குறித்துப் பின்னரே கத்தியின் மழுக்கத்தைக் குறித்தது.

'மந்தம்' வடசொல். அதன் அடிப்பொருள் மென்னடை. ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு கொள்ளும் சனிக்கு மந்தன் என்று பெயர். மந்தமாருதம், மந்தகாசம் என்பவற்றில் அச்சொல் இனிமையே பயக்கின்றது. மெல்லக் கற்கும் சிறுவனை 'மந்தபுத்தி' என்னும்பொழுதோ, நடையைக் குறித்த சொல் அறிவின்மேல் தீர்ப்பாகிவிடுகின்றது. மெல்லச் செல்வான் கூரற்றவன் ஆகான். மழுக்கம் சாணையில் தீரும். மென்னடைக்குச் சாணை வேண்டுவதில்லை. ஒருசொல்லால் இரண்டையும் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். அதன் தீங்கு அகராதியோடு நில்லாது, வகுப்பறை வரை செல்லும்.

மூன்றாவதொரு வழியும் உண்டு. கார்த்திகையில் கடலோர வானம் மூடிக்கிடப்பதை 'மப்பும் மந்தாரமும்' என்பர், குடிமயக்கமும் மப்பே. இங்குக் குறை முனையிலும் இல்லை, நடையிலும் இல்லை. மேலே கவிந்த மூட்டத்தில் உள்ளது.

'மடம்' என்பதை இவ்விடத்துப் பெய்தலும் ஆகாது. அறியாமையைக் குறிப்பினும், தொல்காப்பியர் அதனை அச்சத்தோடும் நாணத்தோடும் வைத்தெண்ணினார். புறநானூற்று 142ஆம் பாட்டில் பரணர், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனிடம் கொடைமடம் உண்டு, படைமடம் இல்லை என்கிறார். கொடுக்குமிடத்து ஆராயாமை அங்குப் புகழாயிற்று.