அலையை அடக்கும் கல் அம்பாரம்!

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில் ஆறுமுகநேரி உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் நிற்கும். அடி அகலமாக, உச்சி குறுகலாக, இருபுறமும் சரிவாக இருக்கும். தூத்துக்குடி துறைமுகத்தில் இதே வடிவில் இரண்டு நீளமான கல் அம்பாரங்கள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அவைதான் அலை தடுப்புச் சுவர்கள்!

வடக்குச் சுவர் 4,098 மீட்டர். தெற்குச் சுவர் 3,873 மீட்டர். ஏன் இவ்வளவு நீளம்? அங்கே கரையோரம் ஆழம் குறைவு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தில், பெரிய கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். ஆட்களும் சரக்கும் படகில்தான் போக வேண்டும். அலை பொங்கினால் ஆபத்து! இப்போது சுவர்களுக்கு நடுவே கப்பல்கள் அமைதியாக நின்று சரக்கு இறக்குகின்றன. 2011-ல் இத்துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரே சூட்டப்பட்டது.

சிமென்ட் பூசி வழவழப்பாகக் கட்டாமல், ஏன் கற்களைக் குவித்தார்கள்?

அலை சுமந்து வருவது தண்ணீரை அல்ல. காற்று கொடுத்த சக்தியை. நடுக்கடலில் மிதக்கும் தேங்காயைப் பாருங்கள். மேலும் கீழும் ஆடுமே தவிர, அலையோடு ஓடி வராது. செங்குத்தான சுவரில் மோதினால் அந்தச் சக்தி பந்து போலத் திரும்பும். வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்தால், சுவரருகே உயரம் கிட்டத்தட்ட இரு மடங்கு! கல் சரிவிலோ அலை ஏறி உடையும். இடுக்குகளில் புகுந்து, உரசி, சுழன்று களைத்துப் போகும்.

உள்ளே சிறு கற்கள், மேலே பெரிய பாறைகள் என்று அடுக்குவார்கள். இதில் ஒரு கணக்கு உண்டு. அலையின் உயரம் இரு மடங்கானால், மேல் கல்லின் எடை 8 மடங்காக வேண்டும்! 2 மீட்டர் அலைக்கு 1 டன் கல் போதுமென்றால், 4 மீட்டர் அலைக்கு 8 டன் தேவை. கணக்கு தவறினால் புயல் கற்களை உருட்டிவிடும். உள்ளே நிற்கும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு போய்விடும். அதனால் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அலைத் தொட்டி அமைத்து, சிறிய மாதிரிகளை வைத்துச் சோதிக்கிறார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் கூழாங்கற்களைச் சரிவாகக் குவியுங்கள். அட்டையால் அலை எழுப்பி, அது கற்களில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு கற்களை எடுத்துவிட்டு, வெறும் தட்டில் அலை எழுப்புங்கள். எதில் தண்ணீர் சீக்கிரம் அடங்குகிறது?

ஒரு எச்சரிக்கை: நிஜக் கல் சுவரில் ஏறி விளையாடாதீர்கள். பாசி வழுக்கும்!