விசைப்பலகையின் தேய்மானமும் பளபளப்பும்

புதிய மண்வெட்டிப் பிடி முதலில் சொரசொரப்பாக இருந்து, உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பாவதை உழவர் அறிவர். நெசவாளருக்கோ நாடாக்கட்டை இருக்கிறது. வேதகிரீசுவரர் மலைப்படிகளிலும் பல தலைமுறையினரின் பாதங்கள் இதே வேலையைச் செய்துள்ளன. மடிக்கணினியின் விசைகளில் காணும் பளபளப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே; அது புதுமையின் மினுக்கன்று, தேய்மானத்தின் அடையாளம்.

இச்சிறு விஷயத்தை இவ்விதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பேரேட்டில் மையால் எழுதிய எண்களை இன்று விசையால் பதிகின்றனர். நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில் எண் விசைகளின் எழுத்து முற்றிலும் அழிந்திருந்தது. வழக்கமான எழுத்தருக்கு விரல் பழக்கம் உண்டு. அவர் விடுப்பில் சென்ற நாளில் வந்த மாற்றாளுக்கு அது இல்லை. அவர் ஆறுக்குப் பதில் ஏழைத் தட்டினார். திரையில் தோன்றிய பெயரும் ஒன்றே; முதலெழுத்து மட்டும் வேறு. நவரைப் பருவக் கடனுக்கு ஒருவர் செலுத்திய தவணை மற்றொருவர் கணக்கில் ஏறிற்று. தவணை தவறியதாக அறிவிப்பு வீடு வந்து சேர்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. கடனை ஒழுங்காகச் செலுத்தியவர் ஊரார் முன் தலைகுனிய நேர்ந்தது.

இனி, தேய்வது எவ்வாறு என்று காண்போம். பெரும்பாலான மடிக்கணினிகளின் விசைகள் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் உண்டு. அவை ஒளியைச் சிதறடிப்பதால் விசை மங்கலாகத் தோன்றுகிறது. விரல் உராய்வதால் மேடுகள் மழுங்கிப் பரப்புச் சமமாகி, கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புகிறது. விரலின் எண்ணெய்ப் பசை தானாகவே விசையைத் தேய்ப்பதில்லை; ஆனால் அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணல் பிளாஸ்டிக்கைவிடப் பன்மடங்கு கடினமானது. பசையும் மணலும் சேர்ந்தால் ஒவ்வொரு தட்டும் உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். வயல் மண், உரத்தூள், தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசு, கடற்கரையோர ஊர்களின் உப்புப் பிசுக்கு ஆகிய யாவும் நம் பகுதியில் குறைவின்றிக் கிடைக்கின்றன.

விசையில் மின்னுவது பசையா, தேய்மானமா என்று அறிவது எளிது. சற்றே ஈரமான மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். மினுக்கம் போனால் அது பசை, போகாவிடில் தேய்மானம். தேய்ந்ததை எதனாலும் மீட்க இயலாது. பற்பசை, சாம்பல், உப்புத்தாள் கொண்டு தேய்ப்போர் எஞ்சிய எழுத்தையும் இழப்பர்.

ஆகவே தடுப்பதே வழி. கையைக் கழுவி, நன்கு உலர்த்திய பின் அமர வேண்டும். தேங்காயெண்ணெய் தடவிய கையும், கிருமிநாசினி உலராத கையும் ஆகா. வாரம் ஒருமுறை கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, சாய்த்துப் பிடித்து மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுக. பிசுக்கிருந்தால் எழுபது விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிதளவு நனைத்துத் துடைக்கலாம். விசைமீது நேரே ஊற்றுவதோ தெளிப்பதோ கூடாது. நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ்.ஸைக் கரைத்துவிடும், பெட்ரோலும் தின்னரும் விலக்கத்தக்கவையே. ஆயுதபூசையன்று விசைகளுக்கே சந்தனமும் குங்குமமும் இடும் பக்தியை நாம் குறை கூறவில்லை; மூடியின் வெளிப்புறத்தில் ஒரு பொட்டு வைத்தாலும் பூசை பூசையே.

கடைகளில் விற்கும் சிலிக்கோன் உறை தூசியையும் உராய்வையும் தடுக்கும் என்பது மெய். ஆயினும் உறையுடன் மூடினால் திரை அழுந்திப் பழுதாகலாம். விசைகளின் வழியே வெப்பம் வெளியேறும் கணினிகளில் சூடும் தங்கும். உறையிட்டோர் மூடுமுன் அதனை எடுத்துவிட வேண்டும். பணி முடிந்ததும் கணினியை மூடி, அதன் மேல் நம் நெசவாளர் நெய்த ஒரு முழத் துணியைப் போர்த்துவதையே நாம் விரும்புவோம். தமிழெழுத்து ஒட்டுத்தாள்களும் விசையைக் காக்கும். கோடையில் பசை இளகி நழுவுவனவற்றை உடனே மாற்றுக.

நாள் முழுதும் எண்களைப் பதியும் சங்கங்களுக்கு இவையனைத்தினும் மேலான ஏற்பாடு, வெளியே இணைக்கும் தனி விசைப்பலகையாகும். தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியின் விசைப்பலகையோ பல வகைகளில் மேற்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் பழுதுச் செலவு மிகும். வாங்கும்போது, விசைகள் பி.பி.டி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவையா என்று கேளுங்கள். அவை விரைவில் மினுங்குவதில்லை. எழுத்து மேலே அச்சிடப்பட்டதா, இருநிறப் பிளாஸ்டிக்கை ஒன்றினுள் ஒன்றாக வார்த்து அமைக்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். பின்னதில் விசை தேய்ந்தாலும் எழுத்து அழியாது.

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளை இன்றும் வீட்டில் வைத்திருக்கும் அங்கத்தினருக்கும் இம்முறைகள் பொருந்தும். எண் விசை ஒன்றேனும் படிக்க இயலாத நிலையிலிருந்தால், அடுத்த தணிக்கை வரை காத்திராமல் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.