கடைசி நாளுக்குச் சீட்டுப் போடாதீர்கள்

உதியன்குளங்கரைச் சந்திப்பில் ஒரு டிராவல்ஸ் கடை. சித்திரை வெயிலில் குடையை மடக்கியபடி உள்ளே வந்த அம்மா, மகனின் பாஸ்போர்ட்டையும் விசா நகலையும் மேசைமேல் வைத்தார். அவன் துபாய் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் மே 20. “18-ஆம் தேதிக்குப் போடு மக்களே. ரெண்டு நாள் கூட வீட்டுல நிக்கட்டு” என்றார். கடைப்பையன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். சீட்டு இருந்தது. அதை வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நெய்யாற்றின்கரைக்கு ஒரு பஸ் போனால் பின்னால் இன்னொன்று வரும். வளைகுடா விமானம் அப்படி வராது. 1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவுப்படி, ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டு நிறுவனம் அங்கே கால அட்டவணைப்படி விமானம் விட முடியாது. அதனால் நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து, வாரத்துக்கு இத்தனை இருக்கை, இன்னின்ன ஊர் என்று பேசி முடிக்கின்றன.

துபாயோடு 2014-இல் முடிவான கணக்கு, தரப்புக்கு வாரம் சுமார் 66,500 இருக்கை. மும்பை, தில்லி, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் இதற்குள் அடக்கம். துபாய் நிறுவனம் நமக்கு ஒரு விமானம் கூட்ட நினைத்தால் வேறோர் ஊரில் குறைக்க வேண்டும். 2022-இல் அமீரகம் இன்னும் 50,000 இருக்கை கேட்டது. திருச்சி, கோவை, கண்ணூருக்கும் அனுமதி கேட்டது. இந்தியா இசையவில்லை. 2016-ஆம் ஆண்டு விமானக் கொள்கை, சார்க் நாடுகளோடும் தில்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாடுகளோடும் ‘திறந்த வான்’ உடன்பாட்டுக்கு வழி விட்டது. வளைகுடா முழுக்க அந்த 5,000 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டதால் அதற்கு அந்த வழி இல்லை.

இருக்கையைக் கூட்ட அரசுக்கு உள்ள அச்சம் வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். துபாயிலும் தோஹாவிலும் இறங்கும் இந்தியர் பலர் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் மாறுகிறவர்கள். அளவில்லாமல் திறந்துவிட்டால் நெடுந்தூரப் பயணம் முழுவதும் அந்நிய நிறுவனங்களின் கைக்குப் போய்விடும். ஆனால் இந்தக் காப்புக்கான விலையை ஷார்ஜாவில் கம்பி கட்டுகிறவன் தலையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இருக்கைக்கு உச்சவரம்பு உள்ள வழியில் ஒரு நிறுவனம் விழுந்தால் அந்த இடத்தை உடனே நிரப்ப ஆள் இராது. ஜெட் ஏர்வேஸ் நின்றது 2019 ஏப்ரல் 17. கோ ஃபர்ஸ்ட் நின்றது 2023 மே 3. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுமதியில்லாத கண்ணூர் அந்த அடியில் இன்னும் ஒடுங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் ஒட்டுமொத்தமாக மருத்துவ விடுப்பில் போனது 2024 மே 7 இரவு. மறுநாள் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. திருவனந்தபுரத்திலும் பெட்டியோடு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மூன்றும் இங்கே பள்ளி விடுமுறைக் காலம், சீட்டு இறுகிக் கிடக்கும் மாதங்கள்.

விமானம் ரத்தானால் மாற்று விமானமோ, கட்டிய பணமோ தர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பணத்தில் மறுநாள் வேறு நிறுவனத்தில் சீட்டு வாங்கிவிட முடியாது. விலை அதற்குள் எங்கோ போயிருக்கும். கெடு தவறியதால் போகும் வேலைக்கும் அந்த விதியில் இடமில்லை. 2025 ஜூலையில் குவைத்துக்கான இருக்கைகளை வாரம் 12,000-லிருந்து 18,000 ஆக உயர்த்தினார்கள். அதற்கே 18 ஆண்டு ஆனது. துபாய் கணக்கு மாறும்வரை காத்திருக்க அந்தப் பையனுக்கு நாள் இல்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் விசா நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டாந் தேதிக்கு உண்டுமா மக்களே?”

“உண்டு மாமி. ஒரு சீட்டு.”

“போடு.”