வீட்டடியைக் காக்கும் முன்றில்

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களுள் ஒன்று அலோர் காஜா. இப்பெயரின் பின்பகுதி தமிழர்க்குப் புதிதன்று. கஜம் என்னும் வடசொல்லே மலாய் மொழியில் காஜா என நின்று யானையைக் குறிக்கிறது. முன்பகுதியாகிய அலோர் என்பது பள்ளத் தடத்தையும் சிற்றோடையையும் குறிக்கும் மலாய்ச் சொல். யானைகள் நடந்து நடந்து பள்ளமாக்கிய தடம் என்று ஊர்ப் பெயருக்கு விளக்கம் கூறுவர். யானைத் தடம் எனினும் நீர்த் தடம் எனினும் உண்மை ஒன்றே: மிதிபட்டுத் தாழ்ந்த நிலத்தை நோக்கியே நீர் செல்லும். அதற்கு ஒரு வழியை மனிதன் அமைத்துக் கொடுத்தால் அவ்வழியே போகும். கொடாவிடின் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அவ்வழி பல வேளைகளில் வீட்டின் அடியாக அமைந்துவிடுவதே தொல்லை.

தூண்கள் மேல் நிற்கும் வீடு

மழை மிகுந்த மலாயாவில் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் வழக்கம் தொன்மையானது. மலாயர் தம் பலகை வீட்டைத் தூண்கள் மேல் நிறுத்தி, தூணுக்கடியில் கல் வைத்தனர். வீட்டிற்கும் தரைக்கும் இடைப்பட்ட வெளியைக் 'கோலோங்' என்றனர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர்களுக்கென லயங்கள் எழுந்தன. அவற்றிலும் பல, பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டு தூண்கள் மேல் நின்றவையே. ஆளுயரத்திற்கு எழுப்பிய லயத்தின் அடியில் விறகு அடுக்குவர், மிதிவண்டி நிறுத்துவர், தூளி கட்டிப் பிள்ளையை உறங்க வைப்பர். முழங்கால் உயரமே உள்ள வீட்டின் அடியிலோ கோழி நுழையலாம். மனிதன் தவழ்ந்துதான் போக வேண்டும்.

இந்த வெளி வீணான வெளியன்று. அது காற்றோடும் வழி. பலகையை உலர வைக்கும் அறை. அங்கே நீர் தேங்குமாயின், வீட்டை உயர்த்திக் கட்டியதன் பயனே கெட்டுவிடும்.

தேங்கும் நீர் செய்யும் கேடு

முதற் கேடு மரத்திற்கு. மரத்திலுள்ள ஈரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருக்கும் வரை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளர இயலாது. ஈரம் பத்தில் மூன்று பங்கை நெருங்கி அந்நிலையிலேயே நீடித்தால் பூஞ்சை செழிக்கிறது. தூணின் அடியும் தளத்தைத் தாங்கும் விட்டமும் மெல்ல மெல்ல மெதுவாகிவிடுகின்றன. மேலே நடப்பவர்க்குத் தளம் அசைவது தெரியும் வேளையில் கீழே பாதி மரம் போயிருக்கும்.

இரண்டாவது கேடு கறையான். மண்ணில் வாழும் கறையானுக்கு மரத்தினும் முதன்மையானது ஈரம். மூன்றாவது, மண்ணின் நெகிழ்ச்சி. ஒரு மூலை நனைந்து மறு மூலை உலர்ந்திருப்பின் தூண்கள் ஒரே அளவாக நில்லா. கதவு நிலையில் பிடிக்கும். நான்காவது கேடு மனிதர்க்கே நேர்வது. ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். வீட்டடியில் எறியப்பட்ட டின்னும் டயரும் தேங்கிய நீரோடு கிடந்தால், டெங்கிக் காய்ச்சலுக்கு அவ்வீட்டாரே தொட்டில் கட்டியவராகின்றனர்.

நீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டடியில் நீர் கண்டவுடன், பூமியிலிருந்து ஊற்றெடுத்ததாகப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது கூரையிலிருந்து இறங்கிய நீரே. ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நாற்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள கூரையின் பரப்பு 800 சதுர அடி. அதன் மேல் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,890 லிட்டர் நீர் இறங்கும். பழைய மண்ணெண்ணெய் டின் 18 லிட்டர் கொள்ளும் எனின், நூறு டின்களுக்கு மேற்பட்ட நீர்! மாலை இடிமழை ஒன்றே ஓர் அங்குலத்தைக் கடந்துவிடும். மலாக்காப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். அஃதாவது எண்பது அங்குலத்தை ஒட்டியது. இத்தனை நீரும் இறவாரத்திலிருந்து சொட்டித் தூணருகே விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைக் குழித்து, குழியின் வழியே உள்ளே புகுகிறது. இறவாரத்து நீர் கடைசியில் வீட்டுக் கழிவுக் குட்டையிலேதான் விழும் என்பது மலாய்ப் பழமொழி. பிள்ளை பெற்றோரைப் போலவே அமையும் என்னும் பொருளில் அதனை ஆள்வர். ஆயினும் அதன் நேர்ப்பொருள், வீடு கட்டியவர் கண்ணாற் கண்ட உண்மையாகும்.

கிள்ளான் கற்பித்த பாடம்

'தோண்டினால் போதும், நீர் போய்விடும்' என்று எண்ணுவதும் தவறு. இதற்கு மலாயாவின் வரலாறே சான்று. 1897-இல் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைச் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், அவ்வுண்மையைக் கொண்டு கிள்ளானிலும் துறைமுக நகரிலும் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார். தாழ்நிலத்தில் மலேரியா குறைந்தது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது விளைவு மாறியது. காட்டை அழித்து ஓடையைத் திறந்துவிட்டதும், வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடும் வேறொரு கொசுவினம் பெருகிற்று. அதனால் பள்ளத்தாக்குகளில் சுட்ட மண் குழாய்களை மண்ணுக்கடியில் பதித்து நீரைக் கொண்டுபோகும் முறை வந்தது. திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கும் முறையும் சேர்ந்தது. தம் பட்டறிவை வாட்சன் 1911-இல் நூலாக வெளியிட்டார்.

இடத்தின் இயல்பை அறியாமல் வெட்டும் வடிகால் ஒரு நோயை நீக்கி மற்றொன்றை வரவழைக்கும் என்பதே அப்பாடம். நிலத்தைப் பார்த்தே வடிகாலை வகுக்க வேண்டும்.

வெளியே தொடங்கும் மருத்துவம்

வீட்டடியில் ஈரம் கண்டவர் முதலில் செய்வது யாது? உள்ளே சிமெண்டு பூசுவர். அல்லது சுற்றிலும் பலகை அடித்து மூடுவர். நீர் வரும் வழி வெளியே இருக்க, உள்ளே பூசுவதால் அது நில்லாது. மூடுவதால் காற்றும் அடைபட்டு ஈரம் தங்கிவிடும். மருந்து முன்றிலில்தான் உள்ளது. 'இல்முன்' என்பதே 'முன்றில்' என முன்பின் மாறி வழங்குவதாக இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுத் தருவர் ஆசிரியர். வீட்டைக் காக்கும் வேலையிலும் உள்ளிருந்து தொடங்காது முன்றிலிலிருந்து தொடங்குவதே முறை.

முதற்படி, கூரை நீரைப் பிடித்தல். இறவாரத்தில் தகரப் பீலி கட்டி, இறங்கு குழாய் வழியே நீரை வீட்டினின்று ஆறடியேனும் அப்பால் விட வேண்டும். இலை அடைத்த பீலி, இல்லாத பீலியினும் கெட்டது. அடைபட்ட நீர் ஒரே இடத்தில் கொட்டும், கொசுவும் வளரும்.

இரண்டாம் படி, வாட்டம். கொத்தனார் நாவில் வழங்கும் இச்சொல் நீர் ஓடுதற்குரிய சரிவைக் குறிக்கும். வீட்டைச் சுற்றிப் பத்தடித் தூரத்திற்குள் தரை ஆறங்குலம் இறங்க வேண்டும். இதற்கு மணல் உதவாது. நீரை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். களி கலந்த மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே புல் வளர்க்க வேண்டும். தூணின் மரப் பகுதியை மண் தொடாதபடி பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது. வீட்டடித் தரை வெளித் தரையினும் சற்று உயர்ந்திருப்பது நலம்.

மூன்றாம் படி, புல்வாய்க்கால். மேட்டுப் புறத்திலிருந்து வரும் நீரை வீட்டை அணுகுமுன்பே மறித்துத் திருப்புவது இதன் வேலை. அகன்று ஆழமின்றி, புல் மூடியதாக அமைப்பர். நூறடிக்கு ஓரடி முதல் இரண்டடி வரை இறக்கம் போதும். இறக்கம் மிகுந்தால் மண் அரிக்கும். குறைந்தால் நீர் தேங்கும்.

நான்காம் படி, சல்லி வடிகால். மேல்நீரைத் திருப்பிய பின்னும் மண்ணுக்குள் ஊறி வரும் நீருக்கே இது வேண்டும். ஓரடி அகலமும் ஒன்றரை முதல் இரண்டடி ஆழமும் கொண்ட பள்ளம் தோண்டி, வடிதுணி விரித்து, துளையிட்ட நான்கங்குலக் குழாயைக் கிடத்திச் சல்லியால் நிரப்புவர். குழாயின் துளைகள் கீழ்நோக்கியிருக்க வேண்டும். பள்ளத்தில் நீர் அடியிலிருந்து உயர்வதால் அது முதலில் துளையை எட்டுகிறது. கூரை நீரை இக்குழாயில் இணைத்தல் கூடாது. துளை வழியே அது மீண்டும் மண்ணை நனைக்கும். தூணின் அடிக்கல்லை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதும் கூடாது, அடிக்கல் சரியும். ஆங்கிலத்தில் இதற்குப் பிரெஞ்சு வடிகால் என்று பெயர். பிரெஞ்சு நாட்டினின்று வந்ததென மயங்குவோர் உளர். அமெரிக்கரான ஹென்றி பிளாக் பிரெஞ்ச் என்பவர் 1859-இல் நில வடிகால் பற்றி எழுதிய நூலால் பரவிய பெயர் அது.

ஐந்தாம் படி, போக்கிடம். எந்த வடிகாலும் முடிவில் ஓரிடத்தைச் சேர வேண்டும். சாலையோர லோங்காங்கில் இணைப்பதாயின் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பக்கத்து வீட்டு முன்றிலில் திருப்பிவிடுதல் தன் ஈரத்தைப் பிறர்மேல் ஏற்றுவதாகும். லயத்து வீடுகள் ஒரே வரிசையில் நிற்பதால், ஒருவர் வெட்டிய வழி மற்றவர் வாசலில் முடியாதபடி வரிசை முழுவதற்கும் ஒன்றுகூடி வாட்டம் வகுப்பதே அறிவுடைமை.

ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் வெள்ளமே ஏறி வருமாயின் முன்றில் வடிகால் அதனைத் தடுக்காது. அங்கே வீட்டின் உயரமே காப்பு. மேலே குளிர்சாதனம் ஓடும் வீட்டில் தளத்தின் அடிப்புறம் வியர்த்து ஈரமாவதும் உண்டு. அந்த ஈரத்தை வடிகாலின் மேல் ஏற்றிப் பேசலாகாது.

பழஞ்சொல்லும் பள்ளிப் பாடமும்

வடிகால் தமிழர்க்குப் புதிய கலையன்று. மதகு, மடை, கலிங்கு, தூம்பு, சுருங்கை என இத்துறைக்குத் தமிழில் சொல் பல உண்டு. வீட்டுக் கழிவுநீர் சேரும் இடத்திற்கு அங்கணம் என்று பெயர். அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை ஆள்கிறார். கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன.

தோட்டப்புறப் பள்ளியில் இதனைச் செயல்முறைப் பாடமாக்கலாம். நிறமற்ற ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரு பக்க நீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக் கொண்டு பள்ளி முன்றிலின் வாட்டத்தை மாணவர் அளந்துவிடலாம். கூரைப் பரப்பைக் கண்டு, ஓர் அங்குல மழைக்கு எத்தனை டின் நீர் என்று கணக்கிடலாம். அளவியல், அறிவியல், மொழி மூன்றும் ஒரே முற்றத்தில் கூடும்.

மழை பெய்யும்போது குடையுடன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடப்பதே யாவரும் செய்யத்தக்க முதல் ஆய்வு. நீர் எங்கே விழுகிறது, எப்பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கால்மணி நேரம் காட்டிவிடும். மறுநாளும் வீட்டடியில் நீர் நின்றால் அங்கே வாட்டம் இல்லை என்பது பொருள். மண்வெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.